கேட்பாரற்ற நாற்பத்தாறு கிளைகள்

ஊரப்பாக்கம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மச்சான் தேவானந்தத்துக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரர் எலியேசர் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே இருவரும் சுகம். பல்லாவரத்தில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று வரிக்கு வரி திருத்துகிறாள். அதனால் கடிதம்.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிறு நம் குடியிருப்புச் சங்கக் கூட்டம். அதற்குள் நான் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம், இல்லையென்றால் ரெப்போவின் சாவியை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்களாம். நான் கேட்கப்போவதில்லை. இங்கே உங்கள் பெயரிலும் ஒரு ஃப்ளாட் இருப்பதால் உங்களுக்கும் ஓட்டு உண்டு. வந்து எனக்காகக் கை தூக்கவேண்டும்.

ரெப்போ என்றால் பயப்படாதீர்கள். தண்ணீர் லாரி புக் செய்ய நம் சங்கத்துக்கு ஒரு ஆப் இருக்கிறதே, அதை ஓட்டும் கம்ப்யூட்டர் எழுத்து, கோட் என்பார்கள், அது முழுவதும் கிடக்கும் பொதுக் கிடங்கு. இங்கே குடியிருக்கும் ஐடி பிள்ளைகள் ஐந்து பேர் அதில் வேலை செய்கிறார்கள். மெயின் என்று ஒரு பிரதி. எதையாவது மாற்றவேண்டுமானால் அதிலிருந்து ஒரு கிளை பிரித்து, அதில் வேலை பார்த்து, சரியானதும் மெயினில் சேர்க்கவேண்டும். சேர்த்த பதிப்புக்கு ஒரு டேக், அதாவது நம்பர் போட்ட சீட்டு, ஒட்டவேண்டும். டேக் ஒட்டியதும் அது தானாகவே நூற்றுப்பன்னிரண்டு வீட்டுப் போனுக்கும் போய்விடும். தாம்பரம் ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருஷம் சீட்டு ஒட்டியவனுக்கு இது புரியாதா? சைக்கிள் ஷெட்டில் கேட்பாரற்றுக் கிடந்த பதினெட்டு சைக்கிள்களை நான் ஒழித்துக்கட்டியதைப் பார்த்துத்தான் தலைவர் சத்யநாராயணன், "சார், அந்த ரெப்போவையும் நீங்களே கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடுங்க" என்று சாவியை, அதாவது பாஸ்வேர்டு எழுதிய காகிதத்தைக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே சொன்னதாக இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, சாவியைத்தான் பார்த்தேன்.

உள்ளே போனால் மச்சான், ஐந்து பேருக்கு நாற்பத்தாறு கிளைகள்! ஒன்றின் பெயர் ஃபைனல். அடுத்தது ஃபைனல் டூ. அதற்கும் அடுத்தது ரியல் ஃபைனல். ஒன்றுக்குச் 'சும்மா' என்றே பெயர். ரயில்வே முறைப்படி லிஃப்ட் பக்கத்து நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டினேன், சொந்தக்காரர்கள் ஏழு நாளுக்குள் உரிமை கோரவும், தவறினால் அகற்றப்படும் என்று. ஒருவரும் வரவில்லை. லிஃப்டுக்கு நிற்பவர்கள் போனைப் பார்க்கிறார்களே தவிர போர்டை யார் பார்க்கிறார்கள்? எட்டாம் நாள் காலை காபி குடித்துவிட்டு நாற்பத்தாறையும் அழித்தேன். அதில் ஒன்றின் பெயர் டெம்ப். தற்காலிகம் என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள், இரண்டு வருஷமாக யாரும் தொடவில்லை, அதை எடுக்காமல் எதை எடுப்பது? ஆனால் லாரி புக்கிங் முழுக்க அந்த டெம்ப்பிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்ததாம். எங்கும் எழுதி வைக்கவில்லை. அன்று வெள்ளிக்கிழமை, ஆப் திறக்கவில்லை, லாரி வரவில்லை, பத்து மணிக்குத் தொட்டி காலி, நீங்களோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நின்றுகொண்டு என் போனை எடுக்கவில்லை. ஒருவர் தலையெல்லாம் ஷாம்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வந்து என் கதவைத் தட்டினார். தலைவர்தான்.

ஆப்பை முதலில் எழுதிய பி பிளாக் பெண் சித்திகா, தன் லேப்டாப்பில் இருந்த பிரதியிலிருந்து பத்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, டேக்கும் ஒட்டிவிட்டாள். நல்ல பெண். ஆனால் ஏற்றின கையோடு என்ன கேட்டாள் தெரியுமா?

"அங்கிள், அவசரத்துல ஒரு சின்ன மிஸ்டேக் விட்டுட்டேன். சரி பண்ணிட்டு அதே டேக்கை அதுக்கு நகர்த்திடறேன்."

"பார்சல் ராமேஸ்வரம் கிளம்பிப் போயாச்சு. சீட்டை மட்டும் கிழிச்சு இங்க கிடக்கிற மூட்டையில ஒட்டுவியாம்மா?"

"எல்லாரும் அப்படித்தான் அங்கிள் பண்றாங்க."

"அதனாலதான் எல்லாரோட பார்சலும் தொலையுது. புது நம்பர் போட்டு, புது டேக் ஒட்டு."

அன்றைக்கே பூட்டிவிட்டேன். என் சாவி இல்லாமல் இனி ஒரு டேக்கும் நகராது. எதையும் அழிக்கக்கூடாது என்று கமிட்டி கத்தியதால் இனிப் பிரிக்கும் கிளைகளுக்கும் புது விதி போட்டேன். ஏழு நாள் யாரும் ஆட்சேபிக்காத கிளை, எட்டாம் நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குத் தானாக மெயினில் சேர்ந்து டேக்கும் வாங்கிக்கொள்ளும். சித்திகாவையே உட்காரவைத்து அதை எழுத வைத்தேன்.

இதற்குத்தான் மன்னிப்பாம்! மூட்டையில் பெயர் எழுதாதவன் மேல் தப்பா, எடுத்துப் போட்டவன் மேல் தப்பா? "ஒரு வார்த்தை கேட்டுட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று உங்கள் அக்கா தினமும் கேட்கிறாள். நான் அசையவில்லை. உங்களிடம் மறைப்பதற்கு என்ன மச்சான், ரிட்டயர் ஆன பிறகு காலையில் எழுந்தால் எனக்கென்று காத்திருப்பது இந்த ஒரு வேலைதான். பிடுங்கினால் வலிக்கும். அதற்காகச் செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன். நூற்றுப்பதினொரு பேரும் எதிரே நிற்கட்டும், எலியேசர் வாயிலிருந்து அந்த வார்த்தை வராது.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். வருகிற வழியெங்கும் கர்த்தர் உங்களைக் காப்பாராக, குறிப்பாக ஜி.எஸ்.டி. ரோட்டில்.

இப்படிக்கு,
தலை வணங்காத
எலியேசர்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மணி பன்னிரண்டு. என் போன் கத்தியது, பக்கத்து வீட்டுப் போனும் கத்தியது. போன வாரம் உங்கள் அக்காவின் வாயை அடைக்க, ஆப்பின் முகப்பில் வருகிற மாதிரி ஒரு மன்னிப்பு எழுதி, தனிக் கிளையில் வைத்து அவளுக்குக் காட்டியிருந்தேன். மறந்தே போனேன். ஏழு நாளாக யாரும் ஆட்சேபிக்கவில்லை. யார் ஆட்சேபிப்பார்கள்? 'தவறு முழுவதும் என்னுடையது, அனைவரும் மன்னிக்கவும், எலியேசர்' என்று நூற்றுப்பன்னிரண்டு வீட்டிலும் வந்துவிட்டது. சித்திகா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அங்கிள், பூட்டை மட்டும் திறந்து விடுங்க, டேக்கைப் பழைய பதிப்புக்கு நகர்த்திடறேன். பாதிப் பேர் இன்னும் பார்த்திருக்க மாட்டாங்க." ஒட்டிய டேக் ஒட்டியதுதான் என்று சொல்லிவிட்டேன். ஞாயிறன்று நீங்கள் கை தூக்க வேண்டாம், சாப்பிட மட்டும் வாருங்கள். உங்கள் அக்கா ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள், எனக்குத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.