இருபத்திமூன்று மஞ்சள் துண்டுகள்

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குக் குகதாசன் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால், முகமெல்லாம் சவர நுரையோடு நின்று ஒரு சபதம் எடுத்தார்.

"இந்தமுறை நிரந்தர வேலை எடுக்காமல் விடமாட்டன். எடுக்கேல்லையெண்டால் என்ரை பேர் குகதாசன் இல்லை!"

"பேர் மாத்திறதெண்டால் ஊர்ச்சபைக் கந்தோரிலை மூண்டு மாசம் செல்லும்," என்று கதவுக்கு வெளியே இருந்து மனைவி பவதாரணி சொன்னாள். "இப்ப கெதியா வெளியிலை வாங்கோ. எனக்கு ஏழு மணி ரெயின்."

பாருங்கோ, இதுதான் சுவிட்சர்லாந்தில் டீட்டிகோன் என்கிற ஊரில் இருக்கிற அந்த வீட்டு நிலவரம். ஒரு மனிசன் ஒரு சபதத்தை ஆறுதலாக எடுத்து முடிக்க வழியில்லை.

குகதாசன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பாடன் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார். யாழ்ப்பாணத்து மனிசன் சுவிஸ் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிப்பதென்றால் சும்மாவா? கோயிலில் அவருக்கு 'லெக்சரர்' என்றுதான் பேர். ஆனால் அந்த லெக்சரருக்கு ஆறு வருஷமாக அரையாண்டு ஒப்பந்தம்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் வரும். அது வருகிற வரைக்கும் அவர் தபால் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டே இருப்பார், ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பார்.

இப்போது நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. துறைத்தலைவி திருமதி ஸ்டூடர் வியாழக்கிழமை பத்தரைக்கு வந்து அவருடைய வகுப்பைப் பார்க்கப் போகிறார். அவர் பார்க்கப் போவது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் ஆங்கிலத்தில் கதைக்கிறார்களா?

அங்கேதான் சனியன் குந்தியிருந்தது. குகதாசனின் வகுப்பில் இருபத்திமூன்று பேர். ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. சுவிஸ் பல்கலைக்கழகங்களில் பாடம் முடிந்தால் கை தட்டமாட்டார்கள். விரலை மடக்கி மேசையில் டொக் டொக்கென்று தட்டுவார்கள். அதுதான் மரியாதை, அதுதான் நன்றி. குகதாசனுக்கு முதல் நாள் இது தெரியாது. அவர் படிப்பித்த யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் மேசையில் தட்டினால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: சேர், வெளியிலை போங்கோ. பாவம் மனிசன், முதல் பாடத்தை உயிரைக் கொடுத்து நடத்தி முடித்தார். பிள்ளைகள் டொக் டொக்கென்று தட்டினார்கள். குகதாசன் மேசையில் ஓங்கி அறைந்து, "சைலன்ஸ்!" என்று கத்தினார்.

பிள்ளைகள் சைலன்ஸானார்கள். அந்த வருஷத்துப் பிள்ளைகள் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். ஆறு வருஷமாக அந்த சைலன்ஸ் கலையவில்லை. தப்பித்தவறி யாராவது ஒரு வசனம் தொடங்கினாலும் இவர் பாதியில் மறித்துத் திருத்திவிடுவார். ஒரு தட்டலும் இல்லை. பக்கத்து வகுப்பில் தட்டுகிற சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும்போதெல்லாம் மனிசனுக்கு வயிறு எரியும்.

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். பவதாரணியும் அதே பல்கலைக்கழகத்தில்தான் வேலை செய்கிறாள், மென்சா என்கிற சாப்பாட்டுச்சாலையில். கவுண்டரில் நின்று சாப்பாடு போடுவாள். வெளியே பலகையில் அன்றைய சாப்பாட்டை மூன்று மொழியில் எழுதுவதும் அவள்தான். குகதாசன் தனக்கு வேலை கிடைத்த அன்றே அவளுக்கு ஒரு சட்டம் போட்டுவிட்டார்.

"இஞ்சை பார் பவா. பல்கலைக்கழகத்துக்குள்ளை நீ ஆரோ, நான் ஆரோ. நான் லெக்சரர். விளங்குதே?"

"ஓம்," என்றாள் அவள்.

ஆறு வருஷமாக அந்தச் சட்டத்தை அவள் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றி வருகிறாள். வரிசையில் குகதாசன் வந்தால், "சேர், சலட்டோ சூப்போ?" என்று கேட்பாள். ஒரு கரண்டி கூடப் போடமாட்டாள். சூப் ஆறிப்போச்சு என்றால், "அடுத்த ஆள்!" என்பாள். மாலையில் இரண்டு பேரும் ஒரே ரெயினில் வேறு வேறு பெட்டியில் ஏறி, டீட்டிகோனில் இறங்கி, மழையென்றால் ஒரே குடைக்குள் வீட்டுக்குப் போவார்கள். இந்த ரகசியம் ஒரு குஞ்சுக்கும் தெரியாது என்பது குகதாசனின் நம்பிக்கை.

திங்கள் மாலை புட்டுக்கு முன்னால் இருந்து அவர் புலம்பத் தொடங்கினார்.

"பிள்ளையள் வாய் திறக்குதுகள் இல்லை, பவா. வியாழக்கிழமை நான் துலைஞ்சன்."

"ஆர், இரண்டாம் வருசப் பிள்ளையளோ? என்னோடை நல்லாக் கதைக்குங்கள்."

"எந்தப் பாஷையிலை?"

"இங்கிலீசிலைதான். சோதினைக்கு உதவும், என்னட்டை இங்கிலீசிலை கேளுங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அந்த லூக்காஸ் வெள்ளிக்கிழமை தன்ரை தேப்பன்ரை மாடுகளைப் பற்றிப் பத்து நிமிசம் கதைச்சவன். பின்னாலை வரிசை நிண்டது."

"உன்னோடையோ? உன்ரை இங்கிலீசிலையோ?"

"ஏன், என்ரை இங்கிலீசுக்கு என்ன?"

"ஒண்டுமில்லை. கிழங்குப் பொரியல் போட அது காணும்."

பவதாரணி கறிச்சட்டியை மூடினாள். கலியாணம் கட்டின புதிதில் அவள் அவரோடு ஆங்கிலத்தில்தான் கதைத்துப் பழகினாள். அவள் ஒரு வசனத்தைத் தொடங்குவாள். இவர் பாதியில் மறித்துத் திருத்துவார். அடுத்த வசனம், அடுத்த திருத்தம். பத்தாம் நாள் அவள் நிறுத்திவிட்டாள். பிழையெல்லாம் போய்விட்டது என்று குகதாசன் சந்தோஷப்பட்டார்!

"ஓம்," என்றாள் இப்போதும். ஓம் என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. விஷயம் தெரிந்த புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டிருப்பான். இவர் இன்னும் கொஞ்சம் புட்டுக் கேட்டார்.

செவ்வாய்க்கிழமை அவருக்கு மூளை வேலை செய்தது. குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற மஞ்சள் தாளை எடுத்து இருபத்திமூன்று துண்டாக வெட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி எழுதினார். 'சேர், பாலம் கட்டுவதில் ஆங்கிலத்தின் பங்கு என்ன?' என்று ஒன்று. 'சேர், உங்களுடைய ஆழ்ந்த அறிவுக்குக் காரணம் என்ன?' என்று இன்னொன்று. மேலே இலக்கம் போட்டு, நாலாக மடித்து, ரப்பர் வளையம் போட்டார். வியாழக்கிழமை இலக்கத்தைக் கூப்பிட, பிள்ளை எழும்பிக் கேட்க, இவர் பதில் சொல்ல, திருமதி ஸ்டூடர் மயங்கி விழவேண்டியதுதான். மறந்துபோகாமல் இருக்கத் தன்னுடைய ராசியான நீலக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் அந்த மஞ்சள் கட்டை வைத்தார். பவாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

புதன்கிழமை அவர்களுக்கு உடுப்புத் தோய்க்கிற நாள். எட்டுக் குடும்பம் இருக்கிற கட்டடத்தில், நிலவறை மெஷின் ஒரு குடும்பத்துக்கு இரண்டு கிழமைக்கு ஒருநாள்தான் கிடைக்கும். செத்தாலும் அந்த நாளைத் தவறவிட ஏலாது. குகதாசன் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்து பார்த்தால் நீலக் காற்சட்டை கொழுவியில் இல்லை.

"பவா! என்ரை நீலக் காற்சட்டை எங்கை?"

"தோய்ச்சுக் காயவிட்டு, அயன் பண்ணிக் கட்டில்லை வைச்சிருக்கு."

"ஐயோ! பொக்கற்றுக்குள்ளை..."

"பொக்கற் பாக்காமல் நான் ஒருநாளும் மெஷினிலை போடுறேல்லை. அந்த மஞ்சள் கட்டு திருப்பி உள்ளுக்கை வைச்சிருக்கு."

குகதாசன் ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தார். இருந்தது. அதே மஞ்சள், அதே வளையம், மேலே அதே இலக்கங்கள்.

"நீ பிரிச்சுப் பாத்தனியோ?"

"எனக்கென்னப்பா தெரியும் உங்கடை பல்கலைக்கழகத்து விசயம்? அங்கை நான் ஆரோ, நீங்கள் ஆரோ."

அப்பாடா என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

வியாழக்கிழமை பத்தேகாலுக்கு இருபத்திமூன்று துண்டையும் வகுப்பில் கொடுத்தார். "நான் இலக்கம் சொன்னால் பிரித்து, இருக்கிறதை அப்படியே கேட்கவேண்டும்," என்றார். லூக்காஸ் கை உயர்த்தி, இதற்கு அனுமதி உண்டா என்று கேட்டான். "இது ஒரு மெதட்," என்றார் குகதாசன். எல்லாரும் தலையாட்டினார்கள். மெதட் என்று சொன்னால் இந்த நாட்டில் வகுப்புக்குள் கரடியைக்கூடக் கட்டி வைக்கலாம்.

பத்து இருபத்தொன்பதுக்குத் திருமதி ஸ்டூடர் வந்து பின்வரிசையில் இருந்து கொப்பியைத் திறந்தார். குகதாசன் காற்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இலக்கம் ஒன்று!" என்றார்.

லூக்காஸ் துண்டைப் பிரித்தான். பார்த்தான். பக்கத்தில் இருந்தவனுக்குக் காட்டினான். இரண்டு பேருடைய முகமும் மலர்ந்தது. பிறகு எழும்பிக் கேட்டான். அங்கே நடந்ததெல்லாம் ஆங்கிலத்தில்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"சேர், நாங்கள் ஒரு வசனத்தை முடிக்க முதல் ஏன் மறித்துத் திருத்துகிறீர்கள்?"

குகதாசன் திடுக்கிட்டார். இது அவர் எழுதின கேள்வி இல்லை. திருமதி ஸ்டூடர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார்.

"அது... இலக்கம் இரண்டு!"

"சேர், உங்களைக் கடைசியாகத் திருத்தினது யார்?"

"இலக்கம் ஏழு!" என்று தாவினார் குகதாசன். ஏழாவது பாலத்தைப் பற்றியது என்று அவருக்கு நல்ல ஞாபகம்.

"சேர், நன்றாகத் தெரிந்த ஒருவரைத் தெரியாதவர் மாதிரி நடத்தியிருக்கிறீர்களா? சூப் வரிசையில் என்றாலும் பரவாயில்லை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. குகதாசன் கோபத்தோடு ஒரு வசனத்தைத் தொடங்கினார். பதட்டத்தில் அது பாதி வழியில் தடக்கி விழுந்தது. லூக்காஸ் மரியாதையாகக் கை உயர்த்தி அதைத் திருத்தினான். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிசனுக்கு, கதைக்கிற வாயை மறித்தால் எப்படியிருக்கும் என்று விளங்கியது.

பத்தொன்பதாவது துண்டு ஹரிஷாவிடம் இருந்தது. வகுப்பில் ஒரே தமிழ்ப் பிள்ளை, பாடனிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"சேர், உங்கள் மனைவி உங்களோடு ஆங்கிலத்தில் கதைத்து எவ்வளவு காலம்?"

குகதாசனுடைய கோபம் எங்கேயோ போய்விட்டது. வெட்கமாக இருந்தது.

"பதினாறு வருஷம்," என்றார். "ஏன் நிறுத்தினாய் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை."

அதற்குப் பிறகு இலக்கம் கூப்பிடத் தேவையே வரவில்லை. லூக்காஸ், தான் பால் கறக்கும்போது அப்பா பின்னால் நின்று திருத்துகிற கதையைச் சொன்னான். ஹரிஷா, தன்னுடைய தமிழுக்கு வீட்டில் எல்லாரும் சிரிப்பதால் தமிழில் கதைக்கவே பயம் என்றாள். ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு கதைத்தார்கள், பிழை பிழையாக, அழகாக. குகதாசன் ஒரு சொல்லைத் திருத்தவில்லை. திருத்த வாய் உன்னியது, கையால் பொத்திக்கொண்டார்.

நேரம் முடிந்தது. லூக்காஸ் தயங்கித் தயங்கி விரலை மடக்கி மேசையில் ஒரு தட்டுத் தட்டினான். 'சைலன்ஸ்' வரவில்லை. அவ்வளவுதான், இருபத்திமூன்று பேரும் தட்டினார்கள். குகதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷம் காத்திருந்த சத்தம் அல்லவா!

"அருமையான கேள்விகள்," என்றார் திருமதி ஸ்டூடர். "தயாரித்தது யார்?"

குகதாசன் 'நான்' என்று சொல்ல வாயைத் திறந்தார்.

"மென்சா பலகையில் இருக்கிற எழுத்து," என்றான் லூக்காஸ். "எங்களுக்குப் பிரித்த உடனேயே தெரியும். சேருடைய மனைவி."

"உங்களுக்கு எப்படி..." என்று குகதாசன் திக்கினார்.

"எல்லாருக்கும் தெரியும், சேர். குடையோடு பார்த்திருக்கிறோம்."

பிள்ளைகள் மறுபடியும் தட்டினார்கள். முதல் தட்டியதைவிடப் பலமாக. அது யாருக்கென்று குகதாசன் கேட்கவில்லை.

மத்தியானம் அவர் வரிசையில் நின்றார். கிட்டப் போனதும் குரலைத் தாழ்த்தி, "பவா, நான் உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்," என்றார்.

"சேர், பின்னாலை ஆக்கள் நிக்கினம். சலட்டோ சூப்போ?"

சூப் வாங்கினார். அன்றைக்கு அது சுடச்சுட இருந்தது.

இரண்டு கிழமை கழித்துக் கடிதம் வந்தது. குகதாசன் தபால் பெட்டியடியிலேயே கிழித்து, படியெல்லாம் பாய்ந்து ஏறினார்.

"பவா! நிரந்தரம்! கிடைச்சிட்டுது! நான் சொன்னனான்தானே!"

"மற்றப் பக்கத்தையும் வாசியுங்கோ," என்றாள் பவதாரணி. நீலக் காற்சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள்.

மற்றப் பக்கத்தைப் புரட்டினார். அடுத்த தவணையில் இருந்து வியாழக்கிழமை உரையாடல் வகுப்பைத் திருமதி பவதாரணி குகதாசன் நடத்துவார் என்றும், அதில் திரு. குகதாசன் உதவியாளராக இருப்பார் என்றும் எழுதியிருந்தது.

"இதென்னடியப்பா இது? நீ ஓம் எண்டிட்டியோ?"

"ஓம். ஆனால் ஸ்டூடரிட்டை ஒரு கண்டிசன் சொல்லித்தான்."

"என்ன கண்டிசன்?"

பவதாரணி காற்சட்டையை மடித்து அவர் கையில் வைத்தாள்.

"வகுப்புக்குள்ளை நீங்கள் ஆரோ, நான் ஆரோ. கதைக்கிறதெண்டால் கையை உயர்த்துங்கோ, சேர்."