நங்கூரக் கிளப்புக்கு ஏற்றிய எள்ளு விளக்கு

உ

மேல்பிரிவு, நான்காம் லயம்,
தெரணியகலை.
மார்கழி ஒன்பது.

பாசமுள்ள தம்பி கிருஷ்ணராஜுக்கு அக்கா விஜயகலா எழுதிக்கொள்வது.

அம்மன் புண்ணியத்தில் நானும் உன் மச்சானும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை; அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அங்கே நோர்வேயில் நீயும், நீ வேலை செய்கிற மீன் கம்பெனியும், நம் கால்பந்துக் கிளப்பும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டுமென்று விடியப்புறம் விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். போனில் நான் இருபது வார்த்தை பேசினால் நீ "ம்" என்கிறாய். இன்னும் இருபது பேசினால் "சரிக்கா" என்கிறாய். அதற்கு மேல் போனால் "வேலைக்கு நேரமாச்சு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

விஷயம் இதுதான். போன மாசித் திருவிழா முடிந்த மறுநாள், காலை ஏழே காலுக்கு, நீ எனக்கு ஒரு வாக்குக் கொடுத்தாய். "நம்ம கிளப்பு கீழ இறங்காம நின்னு, ஐரோப்பாப் பாட்டுப் போட்டியில நம்ம நோர்வேப் பிள்ளை பத்துக்குள்ள வந்துருச்சுன்னா, அடுத்த திருவிழாவுக்குக் கண்டிப்பா வர்றேங்க்கா" என்றாய். நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்காமல் எழுதிக்கொண்டேன். அரிசி, மா, மண்ணெண்ணெய் எழுதுகிற கொப்பியின் கடைசிப் பக்கத்தில் தேதியும் நேரமும் போட்டு இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து மூன்றாம் நாள் பூசை நம் வீட்டு உபயம் என்பது உனக்குத் தெரியும். ஆறு வருஷமாக உன் இடத்தில் உன் மச்சான்தான் தலைப்பாகை கட்டி நிற்கிறார். கோயில் கமிட்டித் தலைவர் சண்முகநாதன் அண்ணன் இந்த முறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்: "விஜயகலா, மருமகன் நிக்கிறது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் சரி. பிறந்த வீட்டு ஆம்பள வராட்டி, வர்ற மாசிக்குப் பொறகு உபயத்த வேற வீட்டுக்குக் குடுத்துருவோம்." அப்படியானால் நானே தலைப்பாகை கட்டுகிறேன் என்றேன். "வழக்கமில்லம்மா" என்றார். வழக்கமில்லாததைச் செய்ய அவரைக் கேட்டு நேரத்தை வீணாக்குவதைவிட, உன் கிளப்பைக் காப்பாற்றுவது சுலபம் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கிளப் எது என்று உன்னிடம் கேட்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் நீ மீன் எண்ணெய்ப் போத்தல் அனுப்பினாயே, அது உடையாமல் இருக்க ஒரு கம்பளிச் சால்வையைச் சுற்றி அனுப்பியிருந்தாய். நீல நிறம், நடுவில் நங்கூரம், கீழே ஏதோ எழுத்து. தம்பி அனுப்பியது முதலில் சாமிக்குத்தானே. எண்ணெய் நாற்றம் போக மூன்று முறை துவைத்து, மஞ்சள் நீர் தெளித்து, சாமித்தட்டில் முருகன் படத்துக்குச் சாத்தினேன். நம் மலைக்குளிருக்கு அவருக்கும் இதமாக இருக்கிறது. அடுத்த லயத்து வரிசை வீட்டுத் தர்மிளா, ஏ.எல். படிக்கிற பிள்ளை, சால்வை எழுத்தைப் பார்த்து என் போனில் அந்தக் கிளப்பைத் தேடி ஏற்றித் தந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு ஆட்டமும் கொப்பியில் ஏறிவிடும். வென்றால் மூன்று, தோற்றால் ஒன்றுமில்லை. இது நியாயம். சமனுக்கு ஒன்று போடுகிறார்களே, அது எந்த ஊர் நியாயம்? சமன் என்றால் அரைப்பேர்தானே? பறிக்கிற தேயிலைக் கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப்பேர் போடுகிறார்கள். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். மூன்றில் பாதி ஒன்றரை. மிச்ச அரையை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? அங்கே யூனியன்காரர் யாரும் இல்லையா? நான் என் கொப்பியில் ஒன்றரைதான் போட்டு வந்தேன். தர்மிளா கெஞ்சிக் கேட்டதால் ஆவணியில் திருத்தினேன்.

அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமல்லவா? கிளப் ஆரம்பித்த தேதியைத் தர்மிளா எடுத்துத் தந்தாள். பஞ்சாங்கக் கணக்கைப் போனிலேயே பார்த்தோம். உத்தரட்டாதி நட்சத்திரம், மீன ராசி. மீன் பிடிக்கிற ஊருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பிறகுதான் பார்த்தேன், ஜென்மச் சனி நடக்கிறது! அதோடு, ஆட்டம் எல்லாம் சனிக்கிழமையில். சனி பிடித்த கிளப்பைச் சனிக்கிழமையில் விளையாடவிட்டால் என்ன நடக்கும்? முதல் ஐந்து ஆட்டத்தில் நான்கு தோல்வி, ஓர் அரைப்பேர். பூசாரி மாமாவிடம் ஓடினேன்.

"யாரு பேருக்கும்மா?"

"கிளப்புப் பேருக்கு, மாமா."

"கோத்திரம்?"

"நம்ம கோத்திரமே போடுங்க. தம்பி அங்கதான இருக்கான்."

"மொத்தம் எத்தன ஆளு?"

"பதினோரு பேரு. மாத்து ஆளு அஞ்சு."

"அப்ப பதினாறு தேங்கா வேணுமே?"

"ஒரு தேங்கா போதும் மாமா. அவுங்க ஒத்துமையா வெளையாடணும்னுதானே கேக்கிறேன்."

அவர் அம்மனுக்கு முன்னால் அந்தக் கிளப்பின் பெயரைச் சொன்ன விதத்தில் அம்மனே ஒரு நிமிஷம் யோசித்திருப்பாள். ஆனாலும் சொன்னார். அதோடு, ஆட்டம் முடியும் மட்டும் சனிக்கிழமைதோறும் எள்ளு முடிச்சு விளக்கு ஏற்றச் சொன்னார். உன் மச்சான் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து வாசலில் நின்று ஊர் கேட்கச் சொல்கிறார்: "நம்ம தோட்டத்துல வாலிபோல் அடிக்க ஒரு நல்ல வலை இல்ல. இவ நோர்வேக்கு வெளக்கு ஏத்துறா!" அவர் சொல்வார். ஆட்டம் நடக்கும்போது வெறும் வாளியோடு குறுக்கே வரக்கூடாது என்று அவரை மூலையில் உட்கார வைத்திருக்கிறேன், அந்தக் கோபம்.

இதற்கிடையில் வைகாசியில் பாட்டுப் போட்டி வந்தது. ஐரோப்பா முழுக்க நாட்டுக்கு ஒரு பாட்டு. நம் பிள்ளை வலைபோல ஒரு சட்டை போட்டுக்கொண்டு மேடையில் புகைக்குள்ளே நின்று பாடியது. அந்தச் சட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன்; குளிர் தேசத்துப் பிள்ளை, குளிராமல் இருந்தால் சரி. தர்மிளா விளங்கப்படுத்தினாள்: நடுவர்கள் ஒரு பங்கு மார்க் போடுவார்களாம், சனங்கள் ஒரு பங்கு போடுவார்களாம். எனக்கு உடனே விளங்கியது. நடுவர் என்பது கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை; தண்ணீருக்கு என்று ஒரு கிலோ, சாக்குக்கு என்று ஒரு கிலோ வெட்டத்தான் செய்வார். அதைச் சனங்கள்தான் நிரப்ப வேண்டும். வெளிநாட்டுக்காரரும் வாக்குப் போடலாம் என்று தெரிந்ததும் லயத்தில் வங்கி அட்டை வைத்திருக்கிற ஐந்து பேரையும் திரட்டினேன். நான்கு பேர் சொன்னபடி போட்டார்கள். ஐந்தாவது, கீழ்க்கடைச் சோமா அக்கா. என் வீட்டிலேயே உட்கார்ந்து, நான் போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, வேறு நாட்டுப் பையன் ஒருவனுக்குப் போட்டுவிட்டார். கேட்டால், பாதி சிங்களத்தில், "அனே விஜயா, ஏ லமயா ஹரிம லஸ்ஸனய் நே! அழுதுகிட்டே பாடுச்சு, மங் மொனவத கரன்னே?" என்கிறார். அழகாயிருந்து அழுதுகொண்டும் பாடினால் அவரால் என்ன செய்ய முடியுமாம்! விடியப்புறம் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற பெரட்டு மணி அடிக்கிற நேரத்துக்கு முடிவு வந்தது. கணக்கப்பிள்ளைகள் வெட்டியது போக, நம் பிள்ளை எட்டாவது இடம். உன் வாக்கில் பாதி அன்றைக்கே நிறைவேறிவிட்டது. உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். "அப்படியாக்கா, நல்லது" என்றாய். உன் குரலில் லேசாகப் பயம் தெரிந்தது.

மிச்சப் பாதி என்னைப் படாத பாடு படுத்திவிட்டது. கிளப் வெளியூர் ஆட்டத்துக்குக் கிழக்கே போகிறது என்று தெரிந்த நாளில், சனிக்கிழமை கிழக்கே சூலம், எல்லாரையும் தயிர் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறச் சொல் என்று உனக்கு மெசேஜ் போட்டேன். "சரிக்கா" என்று பதில் வந்தது. சொன்னாயா? சொல்லியிருந்தால் மூன்று கோல் வாங்கியிருப்பார்களா? ஆனால் ஒன்று சொல்லவேண்டும் தம்பி, உன் மனப்பக்குவத்தைப் பார்த்து நான் பெருமைப்பட்டிருக்கிறேன். கிளப் தோற்ற நாளெல்லாம் நீ கலகலப்பாகப் பேசுவாய். அக்கா மனம் உடையக்கூடாது என்றுதானே? கிளப் வென்ற நாளில் நீ வாயே திறக்கமாட்டாய். கண்ணூறு பட்டுவிடும் என்று அடக்கி வாசிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அம்மாவும் அப்படித்தான், நாம் பாஸாகி வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

கடைசி ஆட்டம் ஐப்பசி இருபத்திரண்டு. பட்டியலில் நங்கூரத்துக்கு இருபத்தெட்டு. அதற்கு மேலே ஒரு பறவைக் கிளப், சின்னத்தில் வெள்ளைக் கடற்பறவை, அதற்கு இருபத்தொன்பது. இரண்டில் ஒன்று நிற்கும், ஒன்று கீழ் வகுப்புக்கு இறங்கும். அதுகள் இரண்டும்தான் அன்றைக்கு நேருக்கு நேர். சமன் ஆனாலே பறவை தப்பிவிடும். அரைப்பேர் நமக்கு எப்போதும் எமன்தான். நான் ஒரு முடிவுக்கு வந்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்பது எள்ளு விளக்கு. அதோடு, இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாயிருக்கிறது, ஓர் எலுமிச்சம்பழத்தில் "பறவை" என்று நினைத்துக்கொண்டு குங்குமம் தடவி, வாசற்படியில் வைத்து உன் மச்சானை மிதிக்கச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். "பாவம்டி, அதுவும் யாரோ பெத்த பிள்ளைக." நானே மிதித்தேன், இடது காலால், முழங்கால் வலியோடு. ஆட்டம் முடிந்து, மேலதிக நேரம் மூன்று நிமிஷம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் சமன். அப்போதுதான் நங்கூரத்துக்குக் கோல்! தர்மிளா போட்ட சத்தத்தில் துரை பங்களா நாய் குரைத்தது. உடனே உன்னைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே கூச்சல். நீ "அக்கா…" என்றாய். விம்மல்தான் கேட்டது. "பொறகு பேசுறேங்க்கா" என்று வைத்துவிட்டாய். நீ அப்படி விம்மி அம்மா போன அன்றைக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். நானும் இங்கே சந்தோஷத்தில் அழுதேன்.

ஆக, இரண்டு பாதியும் நிறைவேறியாயிற்று. மாசி பதினொன்று கொடியேற்றம், பதின்மூன்று நம் பூசை. லீவுக்கு இன்றைக்கே எழுது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: கிளப் நின்றால் நீ காவடி எடுப்பாய் என்று உன் பேரில் நேர்ந்துவிட்டேன். நேர்ந்தது நான், எடுக்க வேண்டியது நீ. இதில் பேச ஒன்றுமில்லை. நான் அந்தச் சால்வையை இடுப்பில் கட்டிப் பால்குடம் எடுப்பேன். சண்முகநாதன் அண்ணனிடம், "தம்பி வாறான், கிளப்பு நின்னுருச்சு" என்று சொல்லியாயிற்று. அவருக்குப் பாதி விளங்கவில்லை. ஆனால் நோட்டீசில் உன் பெயர் ஏறிவிட்டது. ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. உன் மச்சான் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். சோமா அக்காவும் கேட்டதாகச் சொன்னார், அவரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. மாரியம்மாள் உன் கூடவே நின்று, விமானத்திலும் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து, உன்னை வாசல்வரை கொண்டுவந்து விடட்டும்.

என்றும் உன் நன்மையே நினைக்கும் அக்கா,
செ. விஜயகலா

பின்குறிப்பு: கவருக்குப் பசை தடவும்போது தர்மிளா வந்தாள். இன்று காலை நீ அனுப்பிய படத்தை அவளிடம் காட்டினேன், தம்பி மெலிந்துவிட்டான் பார் என்று. அவள் உன்னைப் பார்க்கவில்லை, உன் தொப்பியைப் பார்த்தாள். "அக்கா, இது நங்கூரம் இல்லியே. பறவைதானே இருக்கு?" பெரிதாக்கிப் பார்த்தோம். பறவைதான். போனில் தேடினோம். உன் ஊரில் இரண்டு கிளப்பாம், நம் தோட்டத்து மேல்பிரிவு கீழ்ப்பிரிவு மாதிரி, ஒன்றை ஒன்று கண்ணில் காட்டக்கூடாதாம். ஒரு ஊருக்கு இரண்டு கிளப் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எண்ணெய்ப் போத்தலுக்கு ஏன் அந்தச் சால்வையைச் சுற்றினாய் என்பது மட்டும் இப்போது விளங்குகிறது. நீ விம்மியதும் விளங்குகிறது. தம்பி, உன் கிளப்பை இறக்கியது உன் அக்காதான், இடது காலால். மேலே எழுதியதெல்லாம் செல்லாது. கிளப் இறங்கிவிட்டதால் உன் வாக்கும் உன்னைக் கட்டாது. இதை மறைத்துக் கவரை ஒட்ட எனக்கு மனம் வரவில்லை. பூசாரி மாமாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன். ஏற்றிய விளக்கைத் திருப்பி வாங்க முடியாதாம். ஆனால் பரிகாரம் இருக்கிறதாம்: பாதிக்கப்பட்டவர் தானே நேரில் வந்து, மூன்றாம் நாள் பூசையில் நின்று, கோயிலை மூன்று முறை சுற்ற வேண்டும். ஆள் மாற்றி மருமகன் சுற்றினால் பலிக்காது. ஆகவே நீ இப்போது கட்டாயம் வந்தே ஆக வேண்டும். காவடி அப்படியே இருக்கிறது. வரும்போது பறவைக் கிளப்பின் சால்வை ஒன்றும், அது ஆரம்பித்த தேதியும் நேரமும் கொண்டு வா. சால்வையை எண்ணெய்ப் போத்தலில் சுற்றாதே.