மேனேஜருக்கு என்னைப் பிடிக்குமா?

அடுத்தவர் மனதில் ஓடுவது எனக்கு அப்படியே தெரிந்துவிடும் என்று இருபத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். குறிப்பாக எங்கள் மேனேஜரின் மனது.

வல்லம் வடகாலில் கார் சீட் தைக்கும் ஒரு கம்பெனி. நான் குவாலிட்டியில் இருந்தேன், கான்ட்ராக்ட். "குட்மார்னிங் சார்" என்று போனால் அவர் இரண்டடி பின்னால் போவார். உடனே எனக்குள் படம் ஓடும்: இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை, வேலை போய்விடும், மனைவி செல்வி கைக்குழந்தையோடு வாலாஜாபாத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். (குட்மார்னிங்கிலிருந்து விவாகரத்துக்கு வர எனக்கு அரை நிமிஷம் போதும்.)

தூக்கம் போயிற்று. ராஜினாமா கடிதம் எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வியர்வையில் அது நைந்துபோக, மூன்று முறை புதிதாக எழுதினேன்.

செல்விதான் என்னை, கம்பெனி மருத்துவ அறைக்குப் புதன்தோறும் வரும் கவுன்சிலிங் மேடத்திடம் தள்ளிவிட்டாள். மேடம் என் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. (அழுவதற்குத் தயாராகப் போயிருந்தேன்.) ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார்: நடந்தது, நினைத்தது, மனசுக்கு எப்படி இருந்தது, அப்புறம் செய்தது.

"நடந்தது என்ன மணி?"

"சார் பின்னாடி போனாரு."

"மீதி?"

"மீதியெல்லாம் நான் நெனச்சது மேடம்."

"ஆதாரம் இல்லாம ஒரு சீட்ட ரிஜெக்ட் பண்ணுவீங்களா? எல்லாத்தையும் நல்லதாவே நினைங்கன்னு நான் சொல்லல. உள்ளத உள்ளபடி பாருங்க. ஒரு நாள் அவரத் தனியா பாத்து, கேட்டுத்தான் பாருங்களேன்."

'தனியா' என்ற சொல் மட்டும் என் காதில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஷிஃப்ட் தொடங்கும் முன், நாற்பது பேர் வரிசையில் நிற்க, மேனேஜர் பேசி முடித்து, "யாருக்காவது டவுட் இருக்கா?" என்றார். நான் கையைத் தூக்கியபடியே அவரிடம் நடந்தேன்.

"சார், உங்களுக்கு என்னப் புடிக்குமா, புடிக்காதா?"

வரிசையில் யாரோ இருமலைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"புடிக்காது" என்றார்.

கை தானாகப் பைக்குள் போய்க் கடிதத்தை எடுத்து நீட்டியது. அவர் படித்தார்.

"இன்னாப்பா இது? பெர்மனன்ட் லிஸ்ட்ல மொத பேரே உன் பேருதான் அனுப்பிக்கிறேன்."

"புடிக்காதுன்னீங்களே சார்?"

"புடிக்காதுதான். மூஞ்சிகிட்ட மூஞ்சிய வச்சிகினு பேசுற. அதுலயும் பூண்டு ஊறுகா. அதுக்காக வேலய வுட்டு தூக்கிடுவாங்களா? நீ பாத்து வுட்ட சீட்டு ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல."

சொல்லிக்கொண்டே இரண்டடி பின்னால் போனார். நான் மரியாதைக்காக இரண்டடி முன்னால் போனேன். நாற்பது பேரும் சிரித்தார்கள்.

அடுத்த புதன்கிழமை மேடம் கதையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தார். "அவருக்குப் புடிக்கலங்கறது சரிதான். புடிக்கலன்னா வேலை போயிடும்னு முடிச்சுப் போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"நம்மளப் புடிக்காதவங்களோடயும் வேலை பாத்துட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியா தூங்கலாம் மணி."

தூங்கினேன். பெர்மனன்டும் ஆனேன்.

ஆனால் அந்த வாரமே மேனேஜர் மேசைக்கு முன்னால் தரையில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு விழுந்தது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார், கோடு போகவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் இன்றும், "அது மணி கோடு, தாண்டாத" என்கிறார்கள். செல்வி இதை வீட்டுக்கு வருகிற அத்தனை பேரிடமும் சொல்லியாகிவிட்டது. இப்போது மகளுக்குக் கணக்குச் சொல்லித்தரக் கொஞ்சம் குனிந்தால் போதும், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறாள்:

"அப்பா, கோடு."