டன்னிங் வீட்டாரை விசாரித்த வகை

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ
26 ஒக்ரோபர் 1986

பெருமதிப்புக்குரிய பெரியண்ணா அவர்களுக்கு,

தங்கை எமில்டா வணக்கத்துடன் எழுதுவது. கர்த்தருடைய இரக்கத்தால் நானும் மகன் றெஜியும் சுகமாக இருக்கிறோம். குளிரைத் தவிர இங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. மற்றக் குறைகளைக் கீழே எழுதுகிறேன். கொழும்பு வழியாக வந்த கடிதத்தில் உங்கள் கையெழுத்தைக் கண்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. ஊர்ச் சண்டையைப் பற்றி ரேடியோ சொல்வதை நான் நம்புவதில்லை. மச்சாளின் முழங்கால் நோவு குறைந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை மறவாமல் எழுதவும்.

றெஜி கட்ட விரும்பும் ஹெதர் டன்னிங் என்ற பெண்ணைப் பற்றி, "வெள்ளைக்காரி என்றாலும் மூன்று தலைமுறை விசாரிக்காமல் சம்மதம் சொல்லாதே" என்று எழுதியிருந்தீர்கள். நியாயம். எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு கல்யாணத்துக்கும் நீங்கள்தான் சைக்கிளில் போய், சுவாமியாரிடம் கேட்டு, தபாற்கந்தோரில் கேட்டு, பக்கத்து வீட்டில் தண்ணீர் குடிக்கும் சாட்டில் கேட்டு, கடைசியாக அவர்களோடு கோபமாக இருக்கும் சொந்தக்காரரிடமும் கேட்டு வந்து முடிவு சொல்வீர்கள். றெஜியின் தகப்பனுக்கு என்னைப் பேசியபோதும் அப்படித்தான் செய்தீர்கள். காலமாகும்வரை அவரைப் பற்றி நீங்கள் சொன்ன ஒரு சொல்லும் பிழையாகவில்லை. இங்கே நீங்களும் இல்லை, சைக்கிளும் இல்லை. ஆகையால் இந்தப் பொறுப்பை நானே எடுத்தேன்.

முதலில் றெஜியைத்தான் கேட்டேன்.

"உவளின்ரை அப்பப்பா, பூட்டன் எல்லாம் ஆரடா?"

"அம்மா, அவள் ஒரு நேர்ஸ். நல்ல பிள்ளை. பூட்டனை நான் கட்டப்போறேல்லை."

"பூட்டன் இல்லாமல் அவள் வானத்தாலை விழுந்தவளோ?"

கார்த் திறப்பை மேசையில் வைத்துவிட்டு, "நீங்கள் ஓம் எண்டாத்தான் செய்வன். இல்லையெண்டால் விட்டிடுவன். ஆனா அதுக்குப் பிறகு வேறை ஒருத்தியின்ரையும் படத்தைக் கொண்டுவந்து காட்டக்கூடாது. டிசம்பர் நத்தாருக்குள்ளை சொல்லிப்போடுங்கோ" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அதுதான் எனக்குப் பயம். வயதும் முப்பத்தைந்து கடந்துவிட்டது. நான் ஓம் என்றால் உங்கள் முகத்தில் விழிக்க முடியாது, இல்லை என்றால் அவன் முகத்தில் விழிக்க முடியாது என்ற நிலையில்தான் ஹேஸ்ரிங்ஸ் கவுன்ரிக்குப் புறப்பட்டேன். டன்னிங் குடும்பத்தின் பூர்வீகம் அங்கேதான். ரொறன்ரோவிலிருந்து காரில் காலையில் போய் மாலையில் திரும்பலாம். நூற்றிருபது வருடத்துக்கு முன் அங்கே பொன் கிடைத்ததென்று ஆயிரக்கணக்கானவர்கள் மண்வெட்டியோடு ஓடிப் போனார்களாம். பொன் கொஞ்சமாகவும் பாறை நிறையவும் இருந்ததால், வந்தவர்கள் அதே வேகத்தில் திரும்பி ஓடினார்களாம். திரும்பாமல் நின்றவர்களில் ஒருவர் ஹெதரின் பாட்டனாருக்குப் பாட்டனார், ஏபிரகாம் டன்னிங்.

கோடைகாலத்துக் காடுகளையும் ஏரிகளையும் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று றெஜியிடம் சொன்னேன். நம்பினான். என்னை அந்தக் கிராமத்துச் சந்தியில் இறக்கிவிட்டு, ஹெதரின் தகப்பனுக்கு விறகு அடுக்கிக் கொடுக்கப் போய்விட்டான். என் வீட்டில் தான் குடித்த கோப்பையைக் கழுவாத பிள்ளை.

உங்கள் முறைப்படியே தொடங்கினேன். அவர்களுடைய கோயில் எங்கள் சபை இல்லை. அங்கே இருந்த போதகர் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, தன் பெயரைச் சொல்லியே தன்னைக் கூப்பிடச் சொன்னார். அப்படிப்பட்டவரிடம் என்ன கேட்பது? தபாற்கந்தோரில் கேட்டேன். "நல்ல மனிதர்கள்" என்றார்கள். பெற்றோல் நிலையத்தில் கேட்டேன். "நல்ல மனிதர்கள்." அண்ணா, இந்த நாட்டில் கொலைகாரனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்போதும் பக்கத்து வீட்டுக்காரர் ரெலிவிஷனில் வந்து அதையேதான் சொல்கிறார். கடைசியில், பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் ஊர்ப் பதிவுகளை எல்லாம் சேர்த்து வைத்திருக்கும் சங்கம் ஒன்று இருக்கிறது என்று அறிந்து அங்கே போனேன்.

அங்கே மிஸிஸ் கோல்ட்வெல் என்ற அம்மா, அந்தக் கோடையிலும் கம்பளிச் சட்டையோடு, என்னைக் கண்டதும் எழுந்து நின்றா. நல்ல வளர்ப்பு. உங்கள் மூதாதையரைத் தேடுகிறீர்களா என்று கேட்டா. என் மூதாதையர் யார் என்பது எனக்குத் தெரியும், மற்றவர்களுடையதைத்தான் தேடுகிறேன் என்றேன். பிறகு வரிசையாகக் கேட்டேன்: குடும்பத்தில் சித்தம் கலங்கியவர் உண்டா, கடன்பட்டு ஊரைவிட்டு ஓடியவர் உண்டா, காணி எந்த வழியில் வந்தது, பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த இடங்கள் எப்படி?

"சாதாரணமாக ஆட்கள் பிறந்த தேதியைத்தான் கேட்பார்கள்" என்றா மிஸிஸ் கோல்ட்வெல்.

"பிறந்த தேதியால் எனக்கு என்ன பயன்? எல்லோரும்தான் பிறக்கிறார்கள்."

அந்த அம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஒரு கதிரையை இழுத்து, பழைய பத்திரிகைகளைப் படம் பிடித்து வைத்திருக்கும் இயந்திரத்துக்கு முன்னால் என்னை இருத்தினா. கைபிடியைச் சுற்றச் சுற்ற ஏபிரகாம் டன்னிங் வெளியே வந்தார். தொழில் சப்பாத்துத் தைப்பது. பொன் தேடிக் குழி தோண்டினார், கிடைக்கவில்லை. பிறகு பித்தளைத் தூளைத் துவக்கில் இட்டுத் தன் குழியின் பாறையில் சுட்டு, சுவர் மினுங்கியபோது அதை ரொறன்ரோ டொக்டர் ஒருவருக்குப் பொற்சுரங்கம் என்று விற்றுவிட்டார். அந்தப் பணத்தில் பண்ணை வாங்கி, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்து, சமாதான நீதவானாகவும் ஆகிவிட்டார். மணி வாங்கிக் கொடுத்தவரை யாரும் மேற்கொண்டு விசாரிப்பதில்லை என்பது அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான் போலும்.

குரலைத் தாழ்த்தி, இந்த விஷயம் ஊருக்குத் தெரியுமா என்று கேட்டேன். மிஸிஸ் கோல்ட்வெல் முகமெல்லாம் மலர, "தெரியாமலா? எங்கள் கவுன்ரியின் மிகச் சிறந்த மோசடிக்காரர் அவர்!" என்று கூறி, கண்ணாடிப் பெட்டியில் இருந்த துவக்கைக் காட்டினா. டன்னிங் குடும்பமே அன்பளிப்புச் செய்ததாம். அண்ணா, எங்கள் பெரிய மாமா ஊர்க் கூட்டுறவுச் சங்கக் கணக்கில் செய்ததை மறைக்க நாங்கள் எவ்வளவு பாடுபட்டோம். இவர்கள் பெயர்ப்பலகை எழுதி வெளிச்சமும் போட்டு வைத்திருக்கிறார்கள்.

புறப்படும்போது ஒரு சிறு படிவம் தந்தா. எந்தக் குடும்பம் என்ற இடத்தில் டன்னிங் என்று எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் பொய் எழுத மனம் வரவில்லை. "இன்னும் தீர்மானிக்கப்படவில்லை" என்று எழுதினேன்.

அதனால் வந்தது வினை. அடுத்த மாதம் சங்கத்தின் செய்தித்தாளில், ஸ்காபரோவில் வசிக்கும் மிஸிஸ் இக்னேசியஸ் என்ற, காணாமற்போன டன்னிங் கிளையைச் சேர்ந்த பெண்மணி வந்து போனதாக அச்சடித்துவிட்டார்கள். அதன் பிறகு எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. யாரோ ஒரு டன்னிங் ஜாம் போத்தல் அனுப்பினார். யாரோ ஒரு டன்னிங் தன் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதி, எனக்கும் உண்டா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, சஸ்காச்சுவானிலிருந்து ஒருவர் ஒரு புகைப்படம் அனுப்பினார்: ஏபிரகாமின் இளைய மகன் வோல்ட்டர், தேயிலைத் தோட்டத்துத் துரையாக இலங்கைக்குப் போய்க் கடிதப் போக்குவரத்து இல்லாமற்போனவராம், "இத்தனை காலமும் அவரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தோம், இப்போது எல்லாம் விளங்குகிறது" என்று எழுதியிருந்தார். என்ன விளங்குகிறது? என் தகப்பனார் அரசாங்கக் கச்சேரியில் தலைமை எழுதுநர், அவருடைய தகப்பனார் பள்ளிக்கூட முகாமையாளர், எங்கள் வீட்டுப் பெண்கள் எவரும் தேயிலையைத் தகரப் பேணிக்கு வெளியே கண்டதில்லை என்று அன்றே பதில் எழுதினேன். கன்னியாஸ்திரிமார் கற்பித்த ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக. அதற்கு அவர், எவ்வளவு அழகாக எழுதுகிறீர்கள், வோல்ட்டரும் அப்படித்தான் எழுதுவாராம் என்று பதில் போட்டார்.

இம்மாதம் நன்றியறிதல் விடுமுறையில் முழுக் குடும்பமும் கூடும், நீங்கள் அவசியம் வரவேண்டும் என்று அழைப்பு வந்தது. இப்படி ஒரே இடத்தில் முழுச் சாதிசனமும் அகப்படுவது உங்களுக்குக்கூடக் கிடைத்ததில்லை என்பதால் போனேன். றெஜிக்கும் ஹெதர் மூலம் தனியாக அழைப்பு. கோயில் மண்டபத்துச் சுவரில் வம்ச வரைபடம் தொங்கியது. வோல்ட்டரின் பெயருக்குக் கீழே ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறிக்குக் கீழே என் பெயர். எனக்குக் கீழே றெஜி.

ஹெதரின் தகப்பனுடைய அத்தை, மிஸ் ஈடித் டன்னிங், அந்த வரைபடத்தைத் தடியால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றா. கல்யாணம் கட்டாதவ, அந்தக் குடும்பத்தில் அவ சொல்லுக்கு மறுசொல் இல்லையாம். தடி என் மகனில் தொடங்கி, மேலே ஏபிரகாமுக்கு ஏறி, மறுபக்கத்தால் இறங்கி ஹெதரில் வந்து நின்றது.

"அப்படியென்றால் இவர்கள் இருவரும் சொந்தம். இந்தக் கல்யாணம் நடக்காது" என்றா, மண்டபம் முழுவதும் கேட்க.

ஹெதரின் கையிலிருந்த தட்டு சரிந்தது. றெஜி என்னைப் பார்த்தான். எங்கள் ஊரில் மச்சான் முறை என்றால் அதுதானே முதல் உரிமை என்று என் வாய்வரை வந்ததை விழுங்கினேன். ஆனால் பொய்யால் ஒரு கல்யாணம் தடைப்படுவதை நான் விரும்பவில்லை. உண்மையான காரணம்தான் இருக்கிறதே. ஆகவே எழுந்து நின்று, நான் உங்களில் ஒருத்தி இல்லை, வோல்ட்டர் துரைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் மகனுக்கு உங்கள் குடும்பம் பொருத்தமா என்று விசாரிக்கத்தான் வந்தேன் என்று தெளிவாகச் சொன்னேன்.

றெஜி கண்ணை மூடிக்கொண்டான்.

மிஸ் ஈடித் என்னை மேலும் கீழும் பார்த்தா. "பொருத்தமா?"

"இன்னும் விசாரித்து முடியவில்லை" என்றேன்.

இப்போது முடிந்துவிட்டது, அண்ணா. என் முடிவு, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதே. மூலபுருஷர் மோசடிக்காரர். குடும்பக் கூட்டத்தில் கடதாசித் தட்டில் சாப்பிடுகிறார்கள். சீவிய கரட்டைப் பச்சை நிற ஜெலிக்குள் புதைத்து, அதைச் சலாட் என்கிறார்கள். பெண்ணிலே குறை ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதையும் நேர்மையாக எழுதவேண்டும். அன்று அழுகையை அடக்கிக்கொண்டு, எனக்குக் குளிருமென்று கோட்டை எடுத்துவந்து போட்டுவிட்டாள். ஆனாலும் குடும்பம் என்று ஒன்று இருக்கிறது. குடும்பத்துக்கு மூத்தவர் என்ற முறையில் நீங்களே றெஜிக்கு மறுப்பை எழுதவும். நான் சொன்னால் அவன் வாய் திறவாமல் கேட்டுக்கொள்வான். அந்த மௌனத்தோடு இந்தச் சிறிய அப்பார்ட்மென்ரில் என்னால் இருக்க முடியாது.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். தேவமாதா உங்கள் வீட்டு வாசலைக் காத்துக்கொள்ள ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்கிறேன்.

உங்கள் அன்புத் தங்கை,
எமில்டா இக்னேசியஸ்

பி.கு.: கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. நேற்று மிஸ் ஈடித் ரெலிபோன் எடுத்து, தானும் எங்களை விசாரித்து முடித்துவிட்டதாகச் சொன்னா. இந்த வயதில் தனியாகக் கார் ஓட்டி ஸ்காபரோவுக்கு வந்து, எங்கள் பங்குச் சுவாமியிடமும், கட்டடப் பொறுப்பாளரிடமும், நாங்கள் மரக்கறி வாங்கும் இரத்தினவேலின் கடையிலும் கேட்டிருக்கிறா. பையனைப் பற்றி எல்லோரும் உடனே பதில் சொன்னார்களாம். தாயைப் பற்றிக் கேட்டதும் எல்லோரும் கொஞ்சம் யோசித்தார்களாம். ஆகையால் தங்கள் பெண்ணைத் தர முடியாதாம். நேரே இரத்தினவேலிடம் போய், "நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன். "அன்ரி, நான் பொய் சொல்லேல்லை. கத்தரிக்காயை ஒவ்வொண்டா அமத்திப் பாக்கிற மனுசி எண்டு மட்டும்தான் சொன்னனான். நல்ல குடும்பம் எண்டும் சொன்னனான், அந்தக் கிழவி அதை எழுதேல்லை" என்றான்.

எங்களை வேண்டாமென்று சொல்ல அவர்கள் யார், அண்ணா? பித்தளையைச் சுட்டு விற்றவர்கள்! மறுப்புக் கடிதத்தை எழுத வேண்டாம். உங்கள் சம்மதத்தையும் ஆசீர்வாதத்தையும் உடனே எழுதி அனுப்பவும். மே மாதத்துக்குக் கோயில் கேட்டிருக்கிறேன். மிஸ் ஈடித்தின் முடிவை நான் ஏற்கவில்லை என்று அறிவித்ததில், அவவே நேரில் பார்த்துப் பேச ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வருகிறா. ஹெதர் காலையிலிருந்து இங்கே என்னோடு வீடு துப்புரவாக்குகிறாள். நான் துடைத்த யன்னலைச் சரியில்லை என்று சொல்லித் திரும்பவும் துடைக்கிறாள். இப்படி ஒரு பிள்ளை எங்கள் ஊரில்கூட இலேசில் அகப்படாது.