இரத்தத்தில் லாடம்

எங்கள் துறைமுக ஊரான கோலோனின் மீன்சந்தையில் அந்த வாரம் மீனை யாரும் சீந்தவில்லை. எல்லாரும் புரொபசர் எவரிஸ்தோவின் கொட்டகை முன்னால் நின்றோம். எந்தக் கல்லூரிப் புரொபசர் என்று கேட்காதீர்கள். நாங்களும் கேட்கவில்லை.

விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுப்பார். கண்ணாடியில் தடவி, நீலச் சாயம் விட்டு, நுண்ணோக்கியில் வைப்பார். மேலே செருகிய கேமரா வழியே டிவியில் படம் தெரியும். லாட வடிவில் ஒன்று அகப்பட்டால் போதும், தீர்ப்புதான். அதன் வாய் மேலே பார்த்தால் அதிர்ஷ்டம். கீழே பார்த்தால் அதிர்ஷ்டம் ஒழுகுகிறது. லாடம் அடிக்காத வாசற்கதவு எங்கள் ஊரில் ஏது? நம்பினோம். எல்லாருக்கும் முதலில் கீழேதான் பார்க்கும். அவரிடம் மூலிகைத் தண்ணீர் வாங்கிக் குளித்துவிட்டு வந்தால் மேலே பார்க்கும்.

மீன் விற்கும் தோமிதிலாவின் காலில் கெளுத்தி முள் ஏறி மூன்று நாள். கால் பூசணியாக வீங்கி, உடம்பு அனலாய்க் கொதித்தது. அவள் இரத்தத்தை வைத்ததும் டிவி முழுக்க லாடம், நடுவில் இருந்ததன் வாய் முதல் தடவையே மேலே.

"முப்பத்தெட்டு லாடம். இப்படி ஒரு யோகத்தை நான் பாத்ததே இல்ல. ஆஸ்பத்திரிப் பக்கம் போயிடாதம்மா. ஊசி போட்டா அத்தனையும் கரைஞ்சிடும்" என்றார் புரொபசர்.

சந்தையே லாட்டரிக்காரியின் பலகையை மொய்த்தது. முப்பத்தெட்டாம் நம்பர் சீட்டெல்லாம் தீர்ந்துபோனது. மறைப்பானேன், என் பையிலும் இரண்டு சீட்டு. நடுங்கிக்கொண்டிருந்தவளை ஆளாளுக்குத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டோம்.

அவள் தங்கை சுலேமா ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்ப்பவள். வந்தவள் டிவியைப் பார்த்ததும் அக்காவின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, இது யோகமில்ல. முத்தாத வெள்ளை அணு. எலும்புக்குள்ள இன்னும் வளர வேண்டியது. கிருமி பூந்து, வளந்ததெல்லாம் பத்தாமப் போனாத்தான் உடம்பு இதுங்களை இப்படிக் கூட்டமா சண்டைக்கு அனுப்பும். கிளம்பு."

"வாய் மேலதானே பாக்குது? ஞாயித்துக்கிழமை குலுக்கல் முடியட்டும்டி" என்று முனகினாள் தோமிதிலா.

சுலேமா நுண்ணோக்கியிடம் போனாள். கேமராவைப் பாட்டில் மூடியைப் போல அரைச்சுற்றுத் திருகினாள். டிவியில் நடுவில் இருந்த லாடம் தலைகீழானது.

"இப்ப என்ன சொல்றீங்க புரொபசரே?"

"நீ தொட்டே, யோகம் ஓடிருச்சு."

திருப்பித் திருகினாள். "இப்ப வந்துருச்சா?" மறுபடி திருகினாள். "திரும்பவும் போயிருச்சா? பஸ் மாதிரில்ல வந்து வந்து போகுது."

முதலில் சிரித்தது லாட்டரிக்காரி. "குளிக்கிறதுக்கு முன்னாடி ஒரு திருகு, பின்னாடி ஒரு திருகு. அதான் இந்த ஆள் கை எப்பவும் கேமரா மேலயே இருந்துச்சா?"

புரொபசர் டிவியைக்கூட எடுக்காமல் பின்பக்கமாக நழுவினார். தோமிதிலா கையை நீட்டித் தானும் ஒருமுறை திருகிப் பார்த்தாள். பிறகு, "டாக்சியக் கூப்பிடு" என்றாள்.

காலைக் கீறிச் சீழை எடுத்தார்கள். ஒரு நாள் தாமதித்திருந்தால் காலையே எடுத்திருப்போம் என்றார் டாக்டர். எனக்கு வெட்கமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முப்பத்தெட்டு விழவில்லை.

அவளைப் பார்க்கப் போன நாங்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? அவள் கட்டிலின் நம்பர், அடுத்த குலுக்கலுக்கு.

தோமிதிலா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "லாடத்தைக் கதவுல அடிங்க, குதிரைக் கால்ல அடிங்க. மண்டைக்குள்ள மட்டும் அடிச்சுக்காதீங்கப்பா. யோசிக்கிறதுக்கு அங்க கொஞ்சம் எடம் வேணும்."