ஏறுமுக நாட்டின் வெற்றிக்கனி

ஏறுமுக நாடு என்றொரு நாடு. வரைபடத்தில் தேட வேண்டாம். தேடுகிறவர்களை அங்கே பிடித்து உள்ளே போட்டுவிடுகிறார்கள். அந்நாட்டின் மன்னர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தம்மைத் தாமே எதிர்த்துப் போட்டியிட்டு, சொற்ப வாக்கு வித்தியாசத்தில் ஜெயிப்பார். "முன்னோக்கி மட்டுமே" என்பது அவருடைய முழக்கம். எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு ரக்பி கழகம் இருந்தது. ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக் கீழே தள்ளும் ஆட்டம் என்பதால் அமைச்சரவைக்கு அதன் மேல் இயல்பாகவே ஒரு பாசம். அணித்தலைவன் தவசி. உப்பளக்கரை என்ற ஊரிலிருந்து பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பின்தங்கிய ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பிரிவில் ஒதுக்கியிருந்த இடத்தில் சேர்ந்தவன். படிப்பு முடிய இன்னும் ஓராண்டு. உள்ளூர்த் தொடரில் அணி கடைசி இடத்துக்குப் போனால் கழகத்தைக் கலைத்துவிடுவார்கள். அவன் இடமும் போய்விடும். அப்புறம் திரும்பிப் போய் உப்பு வார வேண்டியதுதான்.

ஆட்டம் எளியது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் வைக்க வேண்டும். வழியில் கையால் எறிவதென்றால் பின்னால் வருகிறவனுக்குத்தான் எறியலாம். முன்னால் அனுப்ப வேண்டுமானால் காலால் உதைக்க வேண்டும். முதல் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வந்த விளையாட்டு அமைச்சர் தாண்டவராயர் இதைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்கய்யா! மன்னர் முன்னோக்கிப் போகச் சொல்றார், இவனுங்க பின்னாடி வீசுறானுங்க! யார் குடுத்த தைரியம்?"

பல்கலைக்கழகப் பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு, "அது ஆட்டத்தோட விதிங்க, ஐயா" என்றார்.

"விதியை மதியால வெல்லலாம்னு கேட்டதில்லையா? மதி எங்கிட்ட இருக்கு."

அன்று மாலையே ஆணை வந்தது. அரண்மனைப் பணத்தில் ஆடும் அணி எதையும் பின்னால் எறியக் கூடாது. 'பின்' என்ற சொல்லே அரசு அலுவலகங்களில் தடை செய்யப்பட்டது. நடுவரோ அண்டை நாட்டுக்காரர். முன்னால் எறிந்தால் அவர் ஊதினார். பின்னால் எறிந்தால் காவலர் ஊதினார். ஆகவே பந்து கிடைத்த பாவி அதைக் கட்டிக்கொண்டு நின்றான், எதிரணி மொத்தமும் அவன் மேல் விழுந்தது. நாற்பது புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. 'வெற்றி ஒத்திவைப்பு' என்று நாளேடுகள் எழுதின.

அந்நாட்டில் எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு; வைத்திருக்கிறார்கள். அதன் தலைவர் வாய் சும்மா இருக்காமல், "மன்னர் மாணவர்கள் கையில் முட்டை கொடுத்திருக்கிறார்" என்று பேசிவிட்டார். உடனே பந்துக்கு 'வெற்றிக்கனி' என்று பெயர் சூட்டப்பட்டது. விழா நடந்தது, கவியரங்கம் நடந்தது, பொன்னாடைகள் பறந்தன. அடுத்த ஆட்டத்தில் தவசியின் தோழன் சொக்கன் வழக்கம்போல் ஓர் உதை விட்டான். காவல் அதிகாரி மைதானத்துக்குள்ளேயே ஓடி வந்தார்.

"வெற்றிக்கனியைக் காலால எட்டி உதைக்கிற? சோறுதான திங்கிற?"

உதைப்பதும் ஒழிந்தது. மிச்சம் இருந்தது, எட்டுப் பேர் தோளோடு தோள் கோத்துத் தலையைக் கவிழ்த்து எதிரணியை முட்டித் தள்ளும் கட்டம் ஒன்றுதான். அதிகாரி அங்கும் வந்தார்.

"நாலு பேருக்கு மேல கூடத் தடை இருக்கு, தெரியும்ல? குனிஞ்சுக்கிட்டு என்ன குசுகுசு?"

"மூச்சு வாங்குறோம்யா" என்றான் தவசி.

"யார் அனுமதியில?"

அதன் பிறகு இவர்கள் நான்கு பேர் எதிரணியின் எட்டுப் பேரை முட்டினார்கள். முடிவை நான் வேறு சொல்ல வேண்டுமா? கடைசி ஆட்டம் துறைமுக அணியோடு. அதில் ஜெயித்தால் கடைசி இடத்திலிருந்து தப்பலாம், இல்லையென்றால் கழகம் காலி. மன்னரே பார்க்க வருகிறார் என்று வேறு சொல்லிவிட்டார்கள். அணிக்குச் சோறு இறங்கவில்லை.

தவசிதான் திடீரென்று தட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"ஏலே சொக்கா, முன்னாலங்கானுவளே, எதுலே முன்னால?"

"மூஞ்சிக்கு நேரா இருக்கதுதாம்லே முன்னால. இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப மூஞ்சியத் திருப்பிக்கிட்டா?"

சொக்கன் அவனை வெறித்துப் பார்த்தான். "கிறுக்குப் பயலே" என்றவன், தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, முதுகு போகும் திசையில் நாலடி ஓடிப் பார்த்தான்.

மறுநாள் பல்கலைக்கழக அணி மொத்தமும் எதிரணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிரணியின் கோட்டை நோக்கி ஓடியது. ஒவ்வொருவனும் தன் மூக்குக்கு நேரே எறிந்தான். காவலருக்கு அது முன்னால். நடுவருக்கு அது பின்னால். இரண்டு ஊதலும் சும்மா கிடந்தன. துறைமுக அணிக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே தவசி கோட்டுக்கு அப்பால் பொத்தென்று விழுந்து வெற்றிக்கனியைத் தரையில் வைத்தான். அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. சொக்கன் கதறி அழுதான். தவசிக்கு வந்த சந்தோஷத்தில் ஊரையே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

மன்னர் எழுந்து நின்று கைதட்டினார். "பார்த்தீரா? நம்முடைய ஆணை!" என்றார். "பார்த்தேன் மன்னா, புல்லரிக்கிறது!" என்றார் தாண்டவராயர். இனி அரசு ஊழியர் அனைவரும் இவ்வாறே நடக்க வேண்டுமென்று மைதானத்திலேயே ஆணை பிறந்தது.

அடுத்த நாள் காலை பதிவாளர் தவசியைக் கூப்பிட்டனுப்பினார். முதுகைக் காட்டியபடி நடந்து வந்து, மேசையில் இடுப்பை இடித்துக்கொண்டு, "வாழ்த்துகள் தம்பி" என்றார். "கழகம் பிழைச்சுது. உன் இடம்தான் ரத்தாயிடுச்சு."

"ஐயா! நாங்க ஜெயிச்சுட்டோம்லாய்யா?"

"ஜெயிச்சதாலதான்." பதிவாளர் கதவைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "நாட்டுல 'பின்'னுங்கிறதே ஒழிஞ்சுபோச்சுன்னு நேத்து மன்னர் அறிவிச்சுட்டார். பின்தங்கிய ஊரே இல்லேன்னு ஆனப்புறம், அதுக்குன்னு இடம் ஒதுக்க முடியுமா? உப்பளக்கரை இப்ப முன்னேறிய ஊர்."

தவசி மேசையை ஓங்கித் தட்டினான்.

"குடிக்கத் தண்ணி இன்னும் வண்டிலதானய்யா வருது. பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாது. எங்க ஊரு எப்பய்யா முன்னேறுச்சு?"

பதிவாளர் இடுப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"நேத்து சாயங்காலம் நீ கோட்டைத் தாண்டி விழுந்தே பாரு, அப்பதான்."