ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குதிரை

கண்டிஷன்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவராவது இருப்பார். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். நீங்களும் நானும் முன்பக்கத்தைப் பார்ப்போம், அவர் பின்பக்கத்தைத் திருப்புவார். பஸ் டிக்கெட்டின் முதுகு, சலவைக்கடை ரசீதின் அடிவரி, இருமல் மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகியிருக்கும் அந்த மெல்லிய தாள், சைக்கிள் ஸ்டாண்டு டோக்கனில் 'பொருள்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று பாதி அழிந்து கிடக்கும் எழுத்து, இவற்றையெல்லாம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிப்பார். கல்யாணப் பத்திரிகையைக்கூட விடமாட்டார். "சுற்றமும் நட்பும் சூழ வாங்கன்னு போட்டிருக்க. சுற்றம் சரி. நட்பு எத்தினி பேருன்னு எழுதலியேபா?" என்று கேட்பார். பத்திரிகை வைக்க வந்தவர் பாவம், காப்பியைக் குடிக்காமலேயே எழுந்துவிடுவார்.

எதற்கு இவ்வளவு? கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எதுக்கும் எழுத்துல இருக்கணும்பா."

புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் இந்த இனத்துக்குத் தலைமகன் ஆதிமூலம். ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆலை மூடியபோது கொடுத்த கடைசிக் கடிதத்திலேயே நான்கு இடத்தில் திருத்தம் சொல்லி, ஐந்தாவது இடத்தில் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டதால் வீடு திரும்பியவர். காலையில் அவர் டீக்கடைக்கு வந்து, சட்டைப் பையிலிருந்து ஏதாவது ஒரு தாளை எடுத்து, "முதலாவது..." என்று ஆரம்பித்தால் போதும். பெஞ்சில் இருக்கிற ஐந்து பேருக்கும் ஒரே நேரத்தில் ஏதாவது வேலை ஞாபகம் வந்துவிடும். பெஞ்சு காலியாகும். ஆதிமூலத்துக்கு இதில் வருத்தம் கிடையாது. தாம் படித்துக் காட்டியது மனத்தில் பதிந்து, உடனே செயல்படப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு குதிரை ஏல நோட்டீசைக் காட்டலாமா? ஜெயசீலன் காட்டினான்.

ஜெயசீலன் ஆதிமூலத்தின் மச்சினன், மனைவி காசம்மாளின் தம்பி. வில்லியனூரில் ஒரு கொட்டகை போட்டு, சாரட்டு வண்டியும் குதிரையுமாக மாப்பிள்ளை ஊர்வலத் தொழில் நடத்துகிறவன். ஊரில் பாதி மாப்பிள்ளைகளை ஊர்வலம் விட்டவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அவன் பெயர் அக்கா வீட்டு ரேஷன் கார்டிலேயே தங்கிவிட்டது. இந்த விஷயத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவனுடைய குதிரைக்கு அந்த ஆடியில் குளம்பு வெடித்துவிட்டது. ஆறு மாதம் கொட்டகையை விட்டு வெளியே கொண்டுவரக் கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ஆவணியில் மூன்று முகூர்த்தத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தான். குதிரை இல்லாமல் சாரட்டை யார் இழுப்பது, மாப்பிள்ளையா? மூன்றும் கைவிட்டுப் போனால் அடுத்த வருஷம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். அப்போதுதான் பூரணாங்குப்பம் கடற்கரைப் பக்கம் இருந்த தங்கும் விடுதி ஒன்று, குதிரைச் சவாரியை நிறுத்திவிட்டு, தன்னிடம் இருந்த இரண்டு குதிரைகளை ஏலம் விடப்போவதாக நோட்டீஸ் போட்டது. ஒன்று மல்லிகை என்ற வெள்ளைக் குதிரை. குழந்தை வாலைப் பிடித்து இழுத்தாலும் திரும்பிப் பார்க்காது. இன்னொன்று சுல்தான் என்ற பழுப்பு. அதைப் பற்றிப் பிறகு.

நோட்டீசில் ஐந்து நிபந்தனைகள் இருந்தன. ஆதிமூலம் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் திருப்பினார். அங்கே ஒன்றும் இல்லை. அவர் முகம் இருண்டுவிட்டது.

"இன்னாடா இது, குதிர ஏலத்துக்கு அஞ்சே கண்டிசனா?"

"அது போதும் மாமா. நமக்குக் குதிரதான வேணும்?"

"கோயில் புளியமரம் ஏலம் வுட்டாலே பதினொண்ணு படிக்கிறான். மரம் ஓடாது. குதிர ஓடும்டா!"

உண்மையைச் சொல்லவேண்டும். அவருக்கு மச்சினன்மேல் உயிர். வெள்ளைக் குதிரை அவனுக்கே கிடைக்கவேண்டும், செங்கல் சூளைக்காரர் ஒருவர் பேரப்பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட இரண்டையும் அள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறாராமே, அதைத் தடுக்கவேண்டும் என்ற ஒரே நினைப்போடுதான் மறுநாள் பஸ் ஏறினார். விடுதி மேலாளர் மரியதாஸ் யாருக்கும் 'முடியாது' சொல்லத் தெரியாத மனிதர். ஆதிமூலம் சொல்லச் சொல்ல டைப் அடித்தார். சாயங்காலம் அச்சு இயந்திரத்திலிருந்து வெளியே வந்தபோது நிபந்தனைகள் இருபத்து மூன்று.

அவற்றின் அழகை எப்படிச் சொல்வது? முதல் நிபந்தனை, எல்லா நிபந்தனைகளையும் ஏலத்துக்கு முன் உரக்கப் படிக்கவேண்டும் என்றது. மூன்றாவது, ரேஷன் கார்டைக் காட்டிப் பெயர் பதிந்தவருக்கே உள்ளே அனுமதி என்றது. ஒன்பதாவது, மூன்றாம் தரம் சொல்வதற்கு முன் குதிரை போட்ட லத்தி விற்பவரையும், பின்னர் போட்டது வாங்குபவரையும் சேரும் என்று பிரித்துக் கொடுத்தது. "நடுவுல போட்டா சார்?" என்று மரியதாஸ் அப்பாவியாகக் கேட்டதை ஆதிமூலம் அன்று இரவு சாப்பிடும்போதும் யோசித்துக்கொண்டிருந்தார். பதினான்காவது, மேளச் சத்தம் கேட்டால் பழுப்புக் குதிரை நடுவழியில் உட்கார்ந்துவிடும் என்பதை அறிந்தே வாங்குபவர் வாங்குகிறார் என்றது. பதினேழாவது, தூக்கிய கையை இறக்கினாலும் கேட்டது கேட்டதுதான் என்றும், தலை சொறிந்தேன், ஈ ஓட்டினேன், ஆட்சேபம் சொல்லத் தூக்கினேன் என்பன போன்ற காரணங்கள் ஏற்கப்படமாட்டா என்றும் சொன்னது. பத்தொன்பதாவதுதான் சூளைக்காரருக்கு வைத்த பொறி: ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரு குதிரை. இருபதாவது, வாங்கிய குதிரையை மாலை ஆறு மணிக்குள் ஓட்டிச் சென்றுவிட வேண்டும் என்றது. கடைசியாக, இருபத்து மூன்றாவது: 'மேற்கண்ட நிபந்தனைகளை யாருக்காகவும், எழுதியவருக்காகவும்கூட, தளர்த்த முடியாது.' இதை எழுதி முடித்ததும் ஆதிமூலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏல நாள் வந்தது. மரியதாசுக்கு ஏலம் விடத் தெரியாது, அதனால் தெரிந்த ஒரே ஆளைக் கூப்பிட்டிருந்தார். செங்கமலம். பக்கத்துக் கடற்கரையில் இருபது வருஷமாக மீன் ஏலம் விடுகிறவள். அவளுடைய ஏலத்தில் கூடை தரையைத் தொடுவதற்குள் வஞ்சிரம் கைமாறிவிடும். ஆதிமூலம் வாசலில் மச்சினனோடு சேர்ந்து தன் பெயரையும் பதிந்துகொண்டார். பதியாமல் உள்ளே வரமுடியாதே, மூன்றாவது நிபந்தனை! இரண்டு பேருக்கும் ஒரே கார்டு. மரியதாஸ் 7 என்றும் 7-அ என்றும் சீட்டு கொடுத்தார். "கைய மடியிலேயே வெச்சிக்கோடா. பதினேழாவது கண்டிசன் பொல்லாதது" என்று ஜெயசீலனை எச்சரித்துவிட்டு, ஆதிமூலம் முன்வரிசையில் உட்கார்ந்தார்.

செங்கமலம் தாளை வாங்கினாள். ஒன்றைப் படித்தாள். இரண்டைப் படித்தாள். தாளின் நீளத்தைப் பார்த்தாள்.

"யப்பா, இத்த படிச்சி முடிக்கறதுக்குள்ள குதிரைக்கு வயசாயிடும்," என்று அதை மரியதாஸ் மடியில் போட்டுவிட்டு, பழுப்புக் குதிரையின் கழுத்தில் தட்டினாள். "பாத்துக்கோ, சுல்தானு. பத்தாயிரம்! பத்தாயிரம் யாரு?"

ஒருவரும் அசையவில்லை. உட்காருகிற குதிரையை யார் வாங்குவார்கள்? ஆனால் ஆதிமூலத்தின் கண் மரியதாஸ் மடியில் கிடந்த தாளிலேயே இருந்தது. இரண்டுதானே படித்தாள்? மீதி இருபத்தொன்று? முதல் நிபந்தனை இப்படிக் கண்ணெதிரே சாகிறதே! முப்பத்தொரு வருஷம் ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்கும் சிவப்பு மை போட்ட அந்த வலது கை, அவரைக் கேட்காமலேயே எழுந்து வானத்தைக் காட்டியது.

"ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்! அண்ணனுக்கு. ஓட்டிகினு போ."

மீன் ஏலத்தின் வேகம் அது. ஆதிமூலம் வாயைத் திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"ஏம்மா, நான் கேக்கலம்மா! நீ கண்டிசன முழுசா படிக்கல, அத்த சொல்லத்தான் கைய தூக்கினேன்!"

மரியதாஸ் மடியிலிருந்த தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். மிகுந்த பணிவோடு பதினேழாவதைப் படித்தார். 'ஆட்சேபம் சொல்லத் தூக்கினேன்' என்ற இடம் வந்தபோது பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள். ஆதிமூலம் இருபத்து மூன்றாவதை நினைத்துக்கொண்டார். ஓட்டை இல்லை. எந்தப் பக்கம் முட்டிப் பார்த்தாலும் ஓட்டை இல்லை. அந்த நேரத்திலும் மனத்தின் ஒரு மூலையில், 'என்னமா எழுதியிருக்கிறேன்!' என்று ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்ததை அவர் பின்னாளில் ஒருவரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது மல்லிகை. ஜெயசீலன் கையைத் தூக்கினான்.

"மன்னிச்சிக்குங்க தம்பி," என்றார் மரியதாஸ். நிஜமாகவே வருந்தினார். "பத்தொம்பதாவது. ஒரு கார்டுக்கு ஒரு குதிர. உங்க கார்டுல சுல்தான் ஏறிட்டுது."

வெள்ளைக் குதிரை, போட்டிக்கு ஆள் இல்லாமல், முதல் கேள்வியிலேயே சூளைக்காரருக்குப் போயிற்று. அவர் ஆதிமூலத்தைத் தேடிவந்து இரண்டு கைகளாலும் கும்பிட்டுவிட்டுப் போனார். ஜெயசீலன் போய்ச் சுல்தானின் கயிற்றை அவிழ்த்தான். திட்டியிருந்தால் தேவலை. ஆதிமூலத்தால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது.

இருபதாவது நிபந்தனைப்படி ஆறு மணிக்குள் சுல்தானை ஓட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். தவளக்குப்பம் சந்திப்பு வரை குதிரை சாதுவாக நடந்தது. அங்கே ஒரு மஞ்சள் நீராட்டுச் சீர்வரிசை, பேண்டு செட்டோடு எதிரே வந்தது. முதல் அடி விழுந்ததும் சுல்தான் காதை ஆட்டியது, இடம் பார்த்தது, சாலையின் நட்ட நடுவில் அமைதியாக உட்கார்ந்தது. இந்தப் பக்கம் இரண்டு பஸ், அந்தப் பக்கம் ஒரு கரும்பு லாரி. ஜெயசீலன் இழுத்தான், தடவினான், வெல்லம் காட்டினான், காலில் விழாத குறை. குதிரை வெல்லத்தை மட்டும் தின்றது.

"இன்னா பெர்சு, குதிரய வாங்க சொன்னா சோபாவ வாங்கினு வந்துட்டியா?" என்றார் பஸ் டிரைவர்.

பழி தன்மேல் விழுவதை எந்தக் கண்டிஷன்காரர் பொறுப்பார்? ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து நிபந்தனைத் தாளின் தன் நகலை எடுத்து, டிரைவருக்கும் ஊருக்கும் கேட்கும்படி உரக்க ஆரம்பித்தார்: "முதலாவது..."

சுல்தான் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தது.

"இரண்டாவது..."

சுல்தான் எழுந்தது. உதறிக்கொண்டது. அவருக்கு எதிர்ப்பக்கமாக முகத்தைத் திருப்பி, மேளத்தையும் மதிக்காமல், வேலை ஞாபகம் வந்ததுபோல விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்தது. ஆதிமூலம் அதிர்ந்துபோய்ப் படிப்பதை நிறுத்தினார். குதிரை உட்கார்ந்தது.

"மாமா! நிறுத்தாத மாமா! படி!" என்று கத்தினான் ஜெயசீலன்.

மேளம் தாண்டிப் போன பின்னும் நிறுத்தப் பயந்து, வில்லியனூர் போய்ச் சேர்வதற்குள் ஆதிமூலம் இருபத்து மூன்றையும் ஒன்பது முறை படித்தார். கேட்பவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டார் என்று சொல்ல முடியாது, கேட்ட ஒரே ஜீவனும் முன்னால் போய்க்கொண்டேதான் இருந்தது. ஆனாலும் வாழ்நாளில் அவ்வளவு தூரம் அவரை ஒருவரும் படிக்கவிட்டதில்லை. செய்தி கேட்ட காசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நாப்பது வருசமா எனக்குத் தோணாததுடா இது. நானும் அப்டியே எய்ந்து போயிருக்கணும்."

ஆவணியில் மூன்று முகூர்த்தமும் ஒழுங்காக நடந்தன. வாக்குத் தப்பவில்லை. இன்றைக்கும் பாகூர், வில்லியனூர் பக்கம் நீங்கள் ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பார்க்கலாம். முன்னால் பேண்டு, அடுத்து பழுப்புக் குதிரை, அதன் பின்னால் சாரட்டு, சாரட்டின் படியில் நின்றபடி வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பெரியவர் தாளைப் பிடித்து, ராகம் போட்டு ஏதோ படித்துக்கொண்டே வருவார். மந்திரம் என்று நினைத்து ஒரு சம்பந்தி வீட்டார் அவர் காலில் விழுந்தார்கள். பெண் வீட்டார், 'எங்க பக்கமும் ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க' என்று கேட்டு, லத்தி பற்றிய ஒன்பதாவது நிபந்தனையைக் கண்மூடிக் கேட்டார்கள்.

அவ்வளவுதான் விஷயம். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, சிரித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பீர்கள். ஆனால், 'இருபத்து மூன்று நிபந்தனை என்று சொல்லிவிட்டு எட்டைத்தானே காட்டினார்கள், மீதிப் பதினைந்து எங்கே?' என்று யாராவது இந்நேரம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தால், அவர் தயவுசெய்து ஒருமுறை தலையை நிமிர்த்தி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளவும்.